சாவி யாரிடம்?

2017ஆம் ஆண்டின் இறுதியில் சமூகப்பணிப் பயிற்சியொன்றிற்காக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள சிறு பட்டினம் ஒன்றுக்குச் சென்று ஆறு மாதங்கள் தங்கியிருந்தேன். எனக்குத் தன் வீட்டில் இடம் தந்தவர் 81 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை. தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். என் நாவுக்கு அது வரவில்லை. 'அன்ரி' என்றே அழைத்தேன். அவரது குசினிச் சுவரில், கலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் சாவியொன்று தொங்கும். அது அவர் செல்லும் ஆலயத்தின் உணவுக் களஞ்சியச் சாவி.

அந்த ஆலயம் எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்தது. நம் நாட்டில் 'இலங்கைத் திருச்சபை' என்று அறியப்படும் அங்கிலிக்கன் சபைக்கு அமெரிக்காவில் உள்ள சகோதரிச் சபை அது. பிரித்தானியாவிடமிருந்து அமெரிக்கா விடுபட்ட பின்னர் 1789இல் தனிச் சபையாக ஒழுங்கமைக்கப்பட்டது. அமெரிக்க ஆலயம் என்றதும் பெருங்கூட்டமே நம் மனக்கண்ணில் வரும். ஆனால் இச்சபையின் பெரும்பாலான ஆலயங்களுக்கு ஞாயிறன்று நூறு பேர்கூட வருவதில்லை. நான் சென்ற ஆலயத்தில் நாற்பது பேர் கூடினார்கள். முழுநேரக் குருவானவரை வைத்திருக்கப் பணமில்லாததால் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் ஒருவர் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபையாரில் ஒருவரே ஜெபம் நடத்துவார். சைவப் பெண்ணான நான் பின்வரிசையில் அமர்ந்திருப்பேன். எவரும் என்னை அந்நியமாகப் பார்க்கவில்லை.

நாற்பது பேர், நூறு வேலைகள்

சம்பளம் பெறும் ஊழியர் இல்லாத இடத்தில் ஆலயம் எப்படி நடக்கிறது? திருவிருந்துத் துணிகளைத் துவைத்து மடிப்பது, பூ வைப்பது, ஆராதனை முடிந்ததும் கோப்பி ஊற்றுவது, நோயாளியின் வீட்டுக்கு முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோவது என எல்லாம் தொண்டர்களின் வேலைதான். அவர்களில் பெரும்பாலானோர் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள். தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய செவ்வாயன்று மட்டும் ஆண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு 'பான்கேக்' சுட்டுப் பரிமாறினார்கள். அன்று அவர்களுக்குக் கிடைத்த கைதட்டலைப் பார்த்து அன்ரி என் காதில் சொன்னார்: "வருடம் முழுவதும் சமைக்கிற எங்களுக்கு ஒருவரும் கைதட்டியதில்லை."

அன்ரியின் யன்னலோரத்தில் நீலநிறக் கடதாசிப் பெட்டி ஒன்றும் இருந்தது. மனதில் நன்றி தோன்றும் போதெல்லாம் அதில் ஒரு நாணயம் போடுவார். எபிஸ்கோபல் பெண்கள் 1889இல் தொடங்கிய காணிக்கைத் திட்டம் இது. முதற் காணிக்கை அலாஸ்காவில் ஓர் ஆலயத்திற்கும், ஜப்பானுக்கு ஒரு பெண் ஊழியரை அனுப்புவதற்கும் உதவியது. ஆனால் அச்சபையின் பொதுப் பேரவையில் பெண்கள் பிரதிநிதிகளாக அமர முடிந்தது 1970இல்தான். பெண்கள் குருக்களாவதற்குப் பேரவை 1976இல் அனுமதி வழங்கியது. காசு சேர்த்த கைகள் தீர்மானம் எடுக்கும் மேசைக்கு வந்துசேர எண்பது வருடங்களுக்கு மேல் சென்றிருக்கின்றன.

வியாழக்கிழமை வரிசை

வியாழன் தோறும் காலை பத்து மணிக்கு ஆலய மண்டபத்தில் உணவு வழங்கப்படும். பிராந்திய உணவு வங்கியின் லொறி முதல்நாள் பொருட்களை இறக்கிவிட்டுப் போகும். அன்ரியும் நான்கு பெண்களும் ரின்களையும் பாஸ்ராவையும் பைகளில் கட்டி வைப்பார்கள். வேலையில்லாதவர்கள் மட்டுமே வருவார்கள் என்று நினைத்திருந்தேன். கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்தும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் செலவோடு சம்பளம் போதாமற்போனவர்கள் பலர் அந்த வரிசையில் நின்றார்கள்.

2018 பெப்ரவரியில் அன்ரி உறைபனியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மிஞ்சிய நான்கு பேரும் எழுபதைக் கடந்தவர்கள். களஞ்சியத்தை மூடிவிடலாமா என்று ஆராய 'வெஸ்றி' எனப்படும் ஆலய நிர்வாகக் குழு கூடியது. பயிற்சி மாணவி என்ற முறையில் நானும் ஒரு மூலையில் இருந்தேன்.

அப்போது, வரிசையில் நிற்கும் இளம் தாய் ஒருவர் வந்து பேச அனுமதி கேட்டார். இரண்டு பிள்ளைகளின் தாய், முதியோர் இல்லப் பணியாளர். "மூட வேண்டாம். நான் நடத்துகிறேன். என்னோடு வரிசையில் நிற்கும் இன்னும் மூவர் வருவார்கள்" என்றார். அவர் வெளியே சென்றதும் உறுப்பினர் ஒருவர் தயங்கியபடி கேட்டார்: "உணவு வாங்க வருபவரிடமே களஞ்சியச் சாவியைக் கொடுப்பதா?"

கெட்ட மனிதரல்ல அவர். ஆலயக் கூரைக்குத் தன் கைக்காசைச் செலவழித்தவர். ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. 2004 சுனாமிக்குப் பின்னர் மட்டக்களப்பில் பாடசாலையொன்றில் நாங்கள் தங்கியிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அம்மா நிவாரண வரிசையில் நின்றார். ஊர்க் கோயில் அன்னதானத்திற்கு நூற்றுக்கணக்கானோருக்கு அரிசிக் கணக்குப் போட்டுச் சமைத்தவர் அவர். அங்கே எவரும் அவரிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்கவில்லை. பசியைவிட அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

அன்று கூட்டம் முடிவில்லாமற் கலைந்தது. வைத்தியசாலைக்குப் போய் அன்ரியிடம் நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்னர், "எனக்கு 33 வயதாகும் வரை எங்கள் பேரவையில் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. அப்போதும் 'இவர்களை நம்பலாமா?' என்றுதான் கேட்டார்கள். ஆணியிலிருக்கும் சாவியை எடுத்து அவளிடம் கொடுக்கலாம் என்று நான் சொன்னதாகக் குழுவுக்குச் சொல்" என்றார்.

மூன்று மாதப் பரீட்சார்த்தமாகக் குழு ஒப்புக்கொண்டது. சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

வரிசைக்குத் தெரிந்தது

அந்தத் தாய் முதலில் நேரத்தை மாற்றினார். காலை பத்து மணிக்கு வேலைக்குப் போகிறவர் எப்படி வர முடியும்? விநியோகம் மாலை ஐந்து மணிக்கு மாறியது. அடுத்து, பை கட்டுவதை நிறுத்தினார். கடையில் போல அவரவர் தேவையானதைத் தெரிவுசெய்யலாம் என்றார். அடுப்பில்லாத விடுதி அறையில் வாழும் குடும்பத்திற்கு உலர்ந்த அவரை விதையால் என்ன பயன்? வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்குக் கடலை வெண்ணெய் எதற்கு? பல வருடங்கள் பை கட்டியவர்களுக்குத் தெரியாத இவையெல்லாம் பை வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தன. வீணாகும் பொருள் குறைந்தது. கணக்குப் புத்தகம் மாதாமாதம் குழுவின் மேசைக்கு வந்தது. கேள்வி கேட்டவர் நான் புறப்படும் வரையில் தன் கருத்தை மாற்றவில்லை. ஆனாலும் புதன்கிழமைகளில் லொறியிலிருந்து பெட்டி இறக்க முதல் ஆளாக நின்றார்.

இப்படி நடந்தது அங்கே மட்டுமல்ல. சான் பிரான்சிஸ்கோவின் புனித கிரகோரியார் எபிஸ்கோபல் ஆலயத்தில் சாரா மைல்ஸ் என்ற பெண் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய உணவு விநியோகத்திலும், உணவு பெற வந்தவர்களே பலர் தொண்டர்களாக மாறினார்கள்.

நம் ஊரிலும் இதே கேள்வி

2022இல் நம் நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது பல இடங்களில் சமூகச் சமையலறைகள் தொடங்கின. நான் வேலை செய்த கிராமத்திலும் ஒன்று இயங்கியது. களஞ்சியப் பொறுப்பை, அங்கு சாப்பிடும் பிள்ளைகளின் தாய்மாரிடமே கொடுப்போம் என்றேன். கூட்டத்தில் ஓர் ஐயா எழுந்து, "பிள்ளை, சாப்பிட வாறவையிட்டயே சாவியக் குடுக்கிறதோ?" என்று கேட்டார். பென்சில்வேனியாவில் கேட்ட அதே கேள்வி!

இரண்டு தாய்மாரிடம் இரண்டு பூட்டுகளின் சாவிகளைக் கொடுத்தோம். ஒருவரில்லாமல் மற்றவர் திறக்க முடியாது. கணக்கை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் எழுதினோம். முதல் மாதம் அரிசி குறைந்தது. விசாரித்ததில், முன்னர் நாங்கள் போட்டுக்கொடுத்த அளவே பிழை என்பதை அந்தத் தாய்மார்தான் கண்டுபிடித்தார்கள்.

தொண்டு அரசின் கடமைக்கோ நியாயமான சம்பளத்திற்கோ ஈடாகாது. இரண்டு பிள்ளைகளின் தாய் நாள் முழுவதும் உழைத்தும் உணவு வரிசையில் நிற்க நேர்ந்ததற்கு எந்த ஆலயமும் தனியே தீர்வு காண முடியாது. ஆனால் கொடுப்பவர் ஒரு பக்கமும் பெறுபவர் மறுபக்கமுமாக நாமே போட்டுவைத்த மேசையை நகர்த்துவது நம் கையில்தான் உள்ளது.

உங்கள் மாதர் சங்கத்தில், ஆலயத்தில், கோயிலில், பள்ளிவாசலில் உதவி பெற வரும் பெண்ணிடம் அடுத்த முறை "என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்றும் கேட்டுப் பாருங்கள். அம்மாவிடம் அன்று யாராவது அப்படிக் கேட்டிருந்தால், அந்தப் பாடசாலையில் ஒருநாளாவது சோறு பதமாக வெந்திருக்கும்.