சின்னண்ணன் ஆன சீமான் வீட்டுப் பிள்ளை

ஏலகிரி மலைப் பக்கத்தில் ஒரு ஸ்காட்லாந்து டாக்டர்

சென்னையிலிருந்து ரெயிலில் மேற்கே போகிறவர்களுக்கு ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் தெரியும். அவற்றைத் தாண்டியதும் ஒரு பெரிய மலை எதிர்ப்படும். அதுதான் ஏலகிரி.

மலையின் உயரம் சுமார் 3,600 அடி. மேலே 14 சிற்றூர்கள் இருக்கின்றன. இன்று 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட நல்ல சாலை உண்டு. பஸ் போகிறது, கார் போகிறது. புங்கனூர் ஏரியில் படகு விடுகிறார்கள். விடுமுறை நாட்களில் கூட்டம் அலைமோதுகிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வசதி எதுவும் இல்லை. இந்தச் சுற்று வட்டாரத்தில் வைத்தியம் பார்த்துக்கொள்வது கூட ஏழைகளுக்குப் பெரும்பாடு.

அந்தக் காலத்தில்தான் மலைக்குத் தெற்கே உள்ள திருப்பத்தூருக்கு இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் தமிழர். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். ஆசிரமத்தில் தமிழரைப் ‘பெரியண்ணன்’ என்று அழைத்தார்கள். வெள்ளைக்காரரைச் ‘சின்னண்ணன்’ என்று அழைத்தார்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம் அது. வெள்ளைக்காரர் என்றால் ‘துரை’. அவர் எதிரில் உட்காரவே பலர் தயங்குவார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக இருக்கச் சம்மதித்தார்!

யார் இந்தச் சின்னண்ணன்?

நூல் ஆலை வீட்டுப் பிள்ளை

அவர் பெயர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஸ்காட்லாந்து நாட்டில் அல்லோவா என்னும் ஊரில் 1891-ம் ஆண்டில் பிறந்தார்.

அல்லோவா ஊருக்குப் பெருமை அங்கே இருந்த கம்பளி நூல் ஆலை. அந்த ஆலை பேட்டன் குடும்பத்துக்குச் சொந்தம். குளிர் நாடுகளில் ஸ்வெட்டர் பின்னும் பெண்களுக்கு ‘பேட்டன்’ நூல் என்றால் நன்றாகத் தெரியும். ஆலையில் பணம் குவிந்தது. குடும்பத்தில் தெய்வ பக்தியும் தர்ம சிந்தனையும் இருந்தன.

எர்னஸ்ட் ஆலையை நிர்வகித்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் மருத்துவப் படிப்பில் சென்றது. வெளிநாடு போய் ஏழைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அப்போது பிரிட்டனில் ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். அவர் பெயர் சவரிராயன் ஜேசுதாசன். 1882-ம் ஆண்டில் பிறந்தவர், பாளையங்கோட்டைக்காரர். எர்னஸ்டை விட ஒன்பது வயது மூத்தவர். இருவரும் சந்தித்தார்கள், உயிர் நண்பர்கள் ஆனார்கள். 1915-ல் இருவரும் இந்தியாவுக்கு வந்தார்கள். அப்போது எர்னஸ்டுக்கு வயது 24.

ஒரே வேலை, இரண்டு மரியாதை

அந்நாளில் இந்தியாவில் பல மிஷன் ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும் இருந்தன. அவை செய்த நன்மை மிகப் பெரியது. வேலூர் ஆஸ்பத்திரியே அதற்குச் சாட்சி. ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய வைத்தியசாலைதான் இன்று உலகப் புகழ் பெற்று நிற்கிறது.

ஆனாலும் அக்கால மிஷன்களில் ஒரு குறை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குப் பெரிய பங்களா, கூடுதல் சம்பளம், அதிகாரம். அதே வேலை பார்க்கும் இந்தியருக்குச் சிறிய வீடு, குறைந்த சம்பளம். அவர் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஜேசுதாசனும் டாக்டர், பேட்டனும் டாக்டர். ஒருவர் எஜமானர், மற்றவர் உதவியாளர் என்றால் அந்த நட்பு என்ன ஆகும்? அவர்கள் சொல்லும் அன்பை யார் நம்புவார்கள்?

இருவரும் யோசித்தார்கள். தனி வழி போவது என்று முடிவு செய்தார்கள்.

ஆசிரமம் பிறந்தது

அது ஆசிரமங்களின் காலம். மகாகவி தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி நடத்தி வந்தார். காந்திஜி 1915-ல் அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கியிருந்தார். எளிய வாழ்வு, கூட்டு வாழ்வு, கைவேலை, பிரார்த்தனை என்ற எண்ணம் நாடெங்கும் பரவியது.

1921-ல் நண்பர்கள் இருவரும் திருப்பத்தூரில் ‘கிறிஸ்துகுல ஆசிரமம்’ தொடங்கினார்கள். கிறிஸ்துவின் குடும்பம் என்பது அதன் பொருள். இந்தியாவில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள் ஏற்படுத்திய ஆசிரமங்களில் இது முன்னோடி.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள். சைவ உணவு சாப்பிட்டார்கள். தரையில் உட்கார்ந்தார்கள். சின்னண்ணன் தன் குடும்பச் செல்வத்தை ஆசிரமத்துக்குக் கொடுத்தார். பணம் கொடுத்தவர் அவர். ஆனால் பெரியவர் என்ற இடம் ஜேசுதாசனுக்கு!

ஆசிரமத்தில் வாரம் முழுவதும் வேலை இருந்தது. விடிந்ததும் ஜெபம். பிறகு நோயாளிகள். பிள்ளைகளுக்குப் படிப்பு. தோட்ட வேலை. ஞாயிறு ஆராதனை.

அக்காலத்து வைத்தியம் எவ்வளவு கஷ்டமானது என்பதை இன்றைய தலைமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். பென்சிலின் மருந்து அப்போது கிடையாது. அது 1928-ல் கண்டுபிடிக்கப்பட்டு, 1940-க்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. மலேரியாவுக்குக் கொயினா, புண்ணுக்குச் சுத்தமாகக் கழுவிக் கட்டுவது. டாக்டரின் கையில் மருந்தை விடப் பொறுமைதான் அதிகம் இருக்க வேண்டும்.

கோபுரம் உள்ள ஜெபாலயம்

ஆசிரமத்தில் ஒரு ஜெபாலயம் கட்டினார்கள். கூர்மையான சிலுவைக் கோபுரமும் வரிசை பெஞ்சுகளும் கொண்ட மேல்நாட்டுக் கட்டடம் அல்ல அது. கல் தூண்கள், மண்டபம், கோபுரம் என்று நம் ஊர்க் கோயில்களைப் போலவே எழுப்பினார்கள். ஜெபிக்க வருகிறவர்கள் தரையில் உட்காருவார்கள்.

‘இயேசுவை வணங்க இங்கிலீஷ்காரன் ஆக வேண்டியது இல்லை’ என்று அந்தக் கட்டடம் வாய் திறக்காமல் சொல்லிற்று.

தடியடி

1932-ம் ஆண்டு. காந்திஜியின் சட்ட மறுப்பு இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்தது. சென்னையில் அந்நியத் துணிக் கடைகள் முன் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். போலீசார் தடியால் அடித்தார்கள். சாய நீரைப் பீய்ச்சினார்கள். சாயம் பட்டவர் கூட்டத்தில் புகுந்து தப்ப முடியாது அல்லவா?

அப்போது சென்னைக்கு வந்திருந்த சின்னண்ணன் கதர் அணிந்து மறியல் நடந்த பக்கம் நின்றார். போலீஸ் தடி அவர் மீதும் விழுந்தது. சாய நீர் அவர் உடையையும் நனைத்தது. வழக்கும் போட்டார்கள்.

பிரிட்டிஷ் சர்க்காரின் போலீசார் பிரிட்டிஷ் டாக்டரையே அடித்துவிட்டார்கள்! செய்தி லண்டன் வரை போயிற்று. பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள். வழக்கு வாபஸ் ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அவர் வளர்ந்தது சீமையில் நூல் ஆலை நடத்திய குடும்பத்தில். அடி வாங்கியதோ கைராட்டினத்தில் நூற்ற கதரை உடுத்தியபடி!

அன்று தனியே எண்ணற்ற தமிழர்கள் அடிபட்டார்கள். அவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் யாரும் இவ்வளவு துடிக்கவில்லை. தோலின் நிறத்தைக் கொண்டு மனிதரை எடை போட்ட காலம் அது. அந்தத் தராசைத்தான் திருப்பத்தூர் ஆசிரமம் ஏற்க மறுத்தது.

மூத்தவரும் இளையவரும்

சேவைக்காகக் கடல் கடக்கும் வாலிபர்கள் இன்றும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தலைமை இடம் கொண்ட மார்மன் சபையில் 18 வயதுப் பையன்கள் கூட வெளியூர் போகிறார்கள். இரண்டு ஆண்டு ஊழியம். செலவு பெரும்பாலும் அவர்கள் குடும்பத்துடையது. வாரத்தில் ஒரு நாள்தான் துணி துவைக்கவும் வீட்டாருடன் பேசவும் ஒதுக்கம். அந்த இளைஞர்களுக்குச் சபை கொடுக்கும் பட்டம் என்ன தெரியுமா? ‘மூத்தவர்’!

அந்தச் சபையின் தூதர்கள் 1853-லேயே சென்னைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்டு பாலன்டைனும் ஸ்காட்லாந்தில் பிறந்தவரே. சுமார் ஓர் ஆண்டு இருந்து திரும்பிவிட்டார்.

பேட்டன் திரும்பிப் போகும் நாளைக் குறித்துக்கொண்டு வரவில்லை. மூத்தவர் என்ற பட்டமும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வீட்டில் இளையவன் என்ன செய்வான்? அண்ணன் பேச்சைக் கேட்பான். அண்ணனுக்கு அடுத்து உட்காருவான். ஐம்பது ஆண்டுகளுக்கு அருகில் அந்த உறவு நிலைத்தது.

பெரியண்ணன் 1969-ல் காலமானார். மறு ஆண்டு, 1970-ல், சின்னண்ணனும் காலமானார்.

திருப்பத்தூர் 2019-ல் தனி மாவட்டத்தின் தலைநகர் ஆகிவிட்டது. ஏலகிரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கினால் திருப்பத்தூர் கூப்பிடு தூரம்தான். மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பிள்ளைகளுக்கு அந்த ஜெபாலயத்தையும் காட்டலாம்.

பிறருக்கு உதவி செய்ய நினைக்கிறவர்கள் பலர். கொடுக்கும் கை மேலே இருக்கும்போது, கொடுத்தவர் மனமும் மேலே ஏறிக்கொள்வது சுலபம். கொடுத்துவிட்டுத் தம்பியாக இருப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான காரியத்தை ஒரு பணக்கார வாலிபர் நம் ஊரில் செய்து காட்டினார்.