ஒரு சோறு பதம் போதுமா? – மென்பொருள் சோதனைக்கு ஓர் அளவுகோல்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பாட்டிமார் வாக்கு. அடுப்படியில் அது முழு உண்மை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. ஒரு பருக்கை வெந்திருந்தால் மற்றதும் வெந்திருக்கும். ஆனால் மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் மென்பொருள் சோதனை வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பழமொழி உதவாது. ஏன் என்பதைத் தொழில்நுட்பம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கலாம்.

கட்டங்களும் கவுண்டரும்

ஊருக்குப் பணம் அனுப்ப வங்கியில் சீட்டு எழுதியிருப்போம். பெறுபவர் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, தொகை என்று கட்டம் கட்டமாக நிரப்பிக் கவுண்டரில் நீட்டினால் உள்ளேயிருந்து பதில் வரும். ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் இப்படிச் சீட்டு நீட்டும் கவுண்டர்தான் ஏபிஐ. சீட்டின் ஒவ்வொரு கட்டமும் ஒரு புலம். ஆபீஸில் ஃபீல்டு என்றே சொல்வார்கள்.

இந்தக் கட்டங்களுக்கும் ஹைதராபாத்துக்கும் பழைய உறவு உண்டு. ரிசர்வ் வங்கி 1996-ல் நிறுவிய ஐடிஆர்பிடி என்னும் வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நம் மாசாப் டேங்கில்தான் இருக்கிறது. வங்கிகளை இணைக்கும் இன்ஃபினெட் வலையமைப்பை 1999-லும், அதன்மீது இயங்கும் எஸ்எஃப்எம்எஸ் செய்திமுறையை 2001-லும் தந்தது அந்த நிறுவனமே. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு அனுப்பும் செய்தியில் எந்தக் கட்டத்தில் என்ன வரவேண்டும் என்று வகுத்த முறை அது. 2005-ல் தொடங்கிய நெஃப்ட் சேவைக்கும் அதுவே அடித்தளம். ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் 11 எழுத்துகளைப் பாருங்கள்: முதல் 4 வங்கிக்கு, ஐந்தாவது பூஜ்யம், கடைசி 6 கிளைக்கு. ஓர் எழுத்து இடம் மாறினாலும் சீட்டு செல்லாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி விதி. அதாவது ஒவ்வொரு பருக்கைக்கும் தனி அடுப்பு. அதனால்தான் ஒரு சோறு பதம் இங்கே போதாது.

அளப்பது எப்படி?

தானியங்கிச் சோதனை என்பது மாதிரிச் சீட்டுகளைக் கணினியே எழுதி நீட்டி, வரும் பதிலைத் தானே சரிபார்ப்பது. எத்தனை கட்டங்களை அது உண்மையில் சோதித்தது என்று அறிய மூன்று படிகள் உண்டு. முதலில், ஏபிஐயின் விவரப் பட்டியலிலிருந்து எல்லாக் கட்டங்களையும் எடுத்து எழுத வேண்டும். இரண்டாவது, சோதனைகள் ஓடும்போது போன சீட்டையும் வந்த பதிலையும் பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது, இரண்டையும் ஒப்பிட்டு விடுபட்டதைக் குறிக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. அனுப்பும் சீட்டில் 6 கட்டங்கள்: அனுப்புபவர் கணக்கு, பெறுபவர் பெயர், பெறுபவர் கணக்கு, ஐஎஃப்எஸ்சி, தொகை, குறிப்பு. பதிலில் 4 கட்டங்கள்: நிலை, பரிவர்த்தனை எண், கட்டணம், தோல்விக் காரணம். நம் சோதனைகள் 'குறிப்பை' ஒருபோதும் நிரப்பவில்லை. எல்லாமே வெற்றி பெறும் சீட்டுகள் என்பதால் 'தோல்விக் காரணம்' வரவே இல்லை. ஆக, தொட்டது 10-க்கு 8, அதாவது 80 சதவீதம். நல்ல மார்க்குதானே என்று தோன்றும்.

ஆனால் பதிலில் வந்தவற்றில் சோதனை சரிபார்த்தது 'நிலை' ஒன்றை மட்டும் என்று வையுங்கள். அப்போது பதிலின் 4 கட்டங்களில் சோதிக்கப்பட்டது 1; வெறும் 25 சதவீதம். கட்டணம் 5 ரூபாய்க்குப் பதில் 500 என்று வந்தாலும் எல்லாச் சோதனையும் 'பாஸ்' ஆகிவிடும்!

தொட்டதும் சரிபார்த்ததும் வேறு வேறு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பதிலில் ஒரு கட்டத்தின் மதிப்பை வேண்டுமென்றே கெடுத்துவிட்டுச் சோதனைகளை ஓட்டுங்கள். ஒன்றுகூடத் தோற்கவில்லையா? அந்தக் கட்டத்தை யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

கட்டம் இருந்தும் ஒப்பிடப்படாத பெயர்

இதற்கு நெருங்கிய உதாரணம் நம் வங்கிப் பழக்கத்திலேயே இருக்கிறது. நெஃப்ட் சீட்டில் பெறுபவர் பெயர் எழுதுகிறோம். ஆனால் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று 2010-ல் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பணம் வேறொருவர் கணக்குக்குப் போக வாய்ப்பிருந்தது. பெயர்க் கட்டம் தடுக்காது. அனுப்பும் முன்பே கணக்குக்காரர் பெயரைக் காட்டும் வசதியை நெஃப்ட்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி வங்கிகளுக்கு உத்தரவானது. முன்னிருந்தது மென்பொருள் பிழையல்ல, வகுத்த விதியே. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: கட்டம் இருப்பது காவல் ஆகாது.

நம் இனிஷியல் சொல்லும் பாடம்

நான் வேலை பார்த்த ஒரு குழுவில், எல்லாக் கட்டமும் சோதித்தாயிற்று, 100 சதவீதம் என்று அறிக்கை வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாதிரிப் பெயர்களைப் புரட்டினேன்: ராவ், ரெட்டி, சர்மா. எல்லாவற்றிலும் குடும்பப் பெயர்க் கட்டம் நிரம்பியிருந்தது. தெலுங்கு நண்பர்களுக்கு இண்டிபேரு உண்டு. நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதானே! "இதைக் காலியா விட்டுப் பாருங்க" என்றேன். விட்டார்கள், விண்ணப்பம் அப்படியே நின்றுவிட்டது. வெளியே போயிருந்தால் கவுண்டரில் தவித்திருப்பது நம் சனங்கள்.

ஆகவே கட்டத்தைத் தொட்டால் மட்டும் போதாது. காலியாக, நீளமாக, ஒற்றை எழுத்தாக, தவறாக என்று பலவித மதிப்புகளையும் கொடுத்தோமா என்பது அடுத்த கேள்வி. அதையும் செய்த பிறகும் கட்டங்கள் ஒன்றோடொன்று சேரும்போது வரும் பிழைகள் மிச்சமிருக்கலாம். சதவீதம் என்பது விடுபட்டதைக் காட்டும் விளக்கு. எல்லாம் சரி என்று சொல்லும் சான்றிதழ் அல்ல.

இத்துறையில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கையில் எண்ணைக் கண்டதும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கட்டம் விடுபட்டது? என்னென்ன மதிப்பு கொடுத்தோம்? வந்த பதிலை யார் சரிபார்த்தார்கள்? மாதிரிப் பட்டியலில் இனிஷியல் மட்டுமே உள்ள ஒரு தமிழ்ப் பெயரையும் மறக்காமல் சேருங்கள். அது நம் பெருமைக்காக அல்ல. அந்தக் கட்டத்தைக் காலியாக விடும் யாரோ ஒருவர் கவுண்டரில் நிற்காமல் இருக்க.