ஒன்பதாம் தரத்தில் தொடங்கட்டும் பாடசாலையின் ஆண்டுத் திட்டம்
ஒன்ராறியோ கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகள் எதை அளக்க வேண்டும்?

ஒன்ராறியோவின் உயர்நிலைப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது வழக்கம். செப்டெம்பரில் வகுப்புகள் தொடங்கியதும் அதிபரும் துறைத் தலைவர்களும் கூடுகிறார்கள். கடந்த ஆண்டின் பெறுபேறுகளைப் பார்க்கிறார்கள். கணிதம், எழுத்தறிவு, மாணவர் நலன் என்று தலைப்பிட்டு, இலக்குகளையும் பொறுப்பாளர்களையும் அட்டவணையில் நிரப்புகிறார்கள். கத்தோலிக்கப் பாடசாலையானால் விசுவாசத்துக்கென்று இன்னொரு தலைப்பும் சேரும். நான்கு தலைப்பு, தலைப்புக்கு மூன்று இலக்கு, இலக்குக்கு நான்கு நடவடிக்கை என்று திட்டம் பெருத்துவிட்டால், யூன் மாதத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எவராலும் சொல்ல முடியாது. இதற்கு மாற்று இருக்கிறது. ஒன்பதாம் தரத்தில் எந்தப் பிள்ளை சான்றிதழுக்கு வேண்டிய கிரெடிட்டைத் தவறவிடப் போகிறது என்ற ஒரே கேள்வியைச் சுற்றி ஆண்டுத் திட்டத்தை எழுதலாம். கத்தோலிக்கப் பாடசாலை அப்படி எழுதும்போது, அதன் சமய நோக்கமும் கல்வி இலக்கும் இரண்டு தலைப்புகளாகப் பிரிந்து நிற்க வேண்டியதில்லை.

பொதுப் பணமும் பொதுக் கணக்கும்

ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பாடசாலை தனியார் பாடசாலை அல்ல. கனடிய அரசியலமைப்பின் 1867 ஆம் ஆண்டுச் சட்டம், அதன் 93 ஆம் பிரிவில், அப்போது இருந்த சமயப் பாடசாலை உரிமைகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. ஆனாலும் உயர்நிலை வகுப்புகளுக்கு முழு அரச நிதி கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. 1984 யூனில் முதல்வர் பில் டேவிஸ் அதை அறிவித்தார். 1987 இல் கனடிய உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. இன்று மாகாணத்தின் 72 கல்விச் சபைகளில் 29 ஆங்கில மொழிக் கத்தோலிக்கச் சபைகள், 8 பிரெஞ்சு மொழிக் கத்தோலிக்கச் சபைகள். உயர்நிலைத் தரங்களில் கத்தோலிக்கர் அல்லாத மாணவரும் இந்தப் பாடசாலைகளில் சேரலாம். பணம் பொதுப் பணம் என்பதால் கணக்கும் பொதுவில் வர வேண்டும். 2009 ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு கல்விச் சபையும் பல்லாண்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. 2023 இல் நிறைவேறிய சட்டத்தின் தொடர்ச்சியாக, சபைகள் மாணவர் அடைவுத் திட்டம் ஒன்றையும் வெளியிடுகின்றன. அடிப்படைத் திறன், எதிர்காலத்துக்கான ஆயத்தம், மாணவரின் ஈடுபாடும் நலனும் என்பன அதன் மூன்று முன்னுரிமைகள். பாடசாலையின் ஆண்டுத் திட்டம் இந்த ஏணியின் கடைசிப் படி. மேலே எழுதப்பட்ட சொற்கள் வகுப்பறைக்குள் இறங்குகின்றனவா இல்லையா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

பிந்தி வரும் எண்கள்

இந்தப் படியில் உள்ள முதல் பழுது நாட்காட்டியில் இருக்கிறது. ஒன்ராறியோவில் கல்வியாண்டு குறைந்தது 194 நாட்கள் கொண்டது. ஆசிரியர்களின் தொழில்சார் நாட்கள் ஏழைக் கழித்தால் கற்பித்தலுக்கு எஞ்சுவது ஏறக்குறைய 187 நாட்கள். பெரும்பாலான உயர்நிலைப் பாடசாலைகள் இந்த நாட்களை இரண்டு பருவங்களாகப் பிரித்து, பருவத்துக்கு நான்கு பாடம் நடத்துகின்றன. 1996 இல் நிறுவப்பட்ட கல்வித் தர, பொறுப்புக்கூறல் அலுவலகம் நடத்தும் ஒன்பதாம் தரக் கணிதப் பரீட்சை பருவ முடிவில் வருகிறது. பாடசாலைவாரியான பெறுபேறு அடுத்த கல்வியாண்டு தொடங்கிய பிறகே பொதுவில் வருகிறது. 2023-24 இல் மாகாணத்தில் 54 சதவீத மாணவரே இந்தப் பரீட்சையில் மாகாணத் தரத்தை எட்டினர். உயர்நிலை எழுத்தறிவுப் பரீட்சையை முதல்முறை எழுதியவர்களில் 85 சதவீதத்தினர் சித்தியடைந்தனர். மாகாணம் எங்கே நிற்கிறது என்பதை அறிய இந்த எண்கள் உதவும். ஆனால் பாடசாலை அவற்றைக் கையில் எடுத்துத் திட்டம் எழுத அமரும்போது, அந்தப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பத்தாம் தரத்துக்குப் போய்விட்டார்கள். போன ஆண்டின் பிள்ளைகளுக்கான மருந்து இந்த ஆண்டின் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. அந்த மருந்து பலித்ததா என்பதும் மறு ஆண்டு இலையுதிர்காலத்தில்தான் தெரியவரும்.

பிள்ளை பாடசாலையில் இருக்கும்போதே மாறும் அடையாளம் ஒன்று தேவை. அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒன்ராறியோவில் உயர்நிலைச் சான்றிதழ் பெற 30 கிரெடிட்டுகள் வேண்டும். ஒவ்வொரு கிரெடிட்டும் 110 மணி நேரக் கல்வி. ஒன்பதாம் தரம் முடியும்போது 8, பத்தாம் தரம் முடியும்போது 16 என்பதே வழமையான வேகம். பத்தாம் தர முடிவில் 16 கிரெடிட் என்பதை மாணவர் அடைவுத் திட்டமும் ஒரு குறிகாட்டியாக வைத்திருக்கிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இலேன் அலன்ஸ்வொர்த், ஜோன் ஈஸ்டன் ஆகியோர் 2005 இல் வெளியிட்ட ஆய்வு இதன் வலிமையைக் காட்டியது. அந்த நகரின் பொதுப் பாடசாலைகளில் போதிய கிரெடிட் பெற்று ஒன்பதாம் தரத்தைத் தடம் பிசகாமல் முடித்த மாணவருக்கு, தடம் பிசகியவர்களைவிட நான்கு ஆண்டுகளில் சான்றிதழ் பெறும் வாய்ப்பு மூன்றரை மடங்கு அதிகம். பிள்ளை முன்னைய வகுப்புகளில் எடுத்த புள்ளிகளையும் குடும்பப் பின்னணியையும்விட இந்த ஓராண்டு கூடுதலாகச் சொன்னது. அதன் பிறகு சிக்காகோ பாடசாலைகள் இதையே வேலைத்திட்டமாக எடுத்தன. 2007 இல் 57 சதவீதமாக இருந்த தடம் பிசகாதோர் விகிதம் 2013 இல் 82 சதவீதமானது.

ஒன்ராறியோவுக்கும் இது அந்நியமான பாடம் அல்ல. 2004 இல் ஐந்தாண்டுக்குள் சான்றிதழ் பெற்றோர் 68 சதவீதம்; 2010களின் இறுதியில் அது 87 சதவீதத்தைத் தொட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு உயர்நிலைப் பாடசாலைக்கும் மாணவர் வெற்றிக்கென ஓர் ஆசிரியர் நியமிக்கப்பட்டார். பாடம் தவறிய பிள்ளை முழுப் பாடத்தையும் மறுபடி படிக்காமல், தவறிய பகுதியை மட்டும் முடித்து கிரெடிட்டை மீட்கும் வழி வந்தது. பெயர் தெரிந்த பிள்ளைக்குப் பெயர் தெரிந்த பெரியவர் பொறுப்பு என்ற ஏற்பாடு அது. ஆண்டுத் திட்டம் இந்த ஏற்பாட்டை மையத்தில் வைக்க வேண்டும்.

கத்தோலிக்கம் என்பது எந்தத் தலைப்பில்?

இது எல்லாப் பாடசாலைக்கும் பொருந்துமே, கத்தோலிக்கப் பாடசாலைக்கு இதில் தனியாக என்ன இருக்கிறது? அன்ரனி பிறைக், வலெறி லீ, பீற்றர் ஹொலண்ட் ஆகியோர் அமெரிக்கக் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து 1993 இல் ஒரு நூல் வெளியிட்டனர். வறிய, சிறுபான்மைப் பிள்ளைகளுக்கும் வசதியான பிள்ளைகளுக்கும் இடையிலான கல்வி இடைவெளி அங்கே ஒப்பீட்டளவில் குறுகியிருந்ததை அவர்கள் கண்டனர். காரணங்களாக அவர்கள் முன்வைத்தவற்றில் இரண்டு இங்கே முக்கியம்: திறமை பார்த்துப் பிரிக்காமல் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பாடத்திட்டம், ஒவ்வொரு பிள்ளையையும் வயதுவந்தோர் அறிந்திருக்கும் சமூக வாழ்வு. வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 1977 இல் வெளியிட்ட ஆவணமும், திருச்சபையின் கல்விப் பணி முதலில் ஏழைகளுக்கும் குடும்ப ஆதரவு இல்லாதோருக்கும் உரியது என்கிறது. ஒன்ராறியோ அரசு 2021 இல் ஒன்பதாம் தரக் கணிதத்திலும் 2022 இல் ஏனைய பாடங்களிலும் மாணவரை இரண்டு பிரிவுகளாகப் பிரிப்பதை நிறுத்தியது. எல்லாருக்கும் ஒரே வகுப்பு என்றால், அங்கே பின்தங்கும் பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பும் கூடுகிறது. கத்தோலிக்கப் பாடசாலை தன் மரபு என்று சொல்லிக்கொள்ளும் வேலை அதுவே. விசுவாசத் தலைப்பின் கீழ் ‘நோன்புக்காலத் திருப்பலி, தியானம், நிதி சேகரிப்பு’ என்று எழுதுவதில் பிழையில்லை. அந்தப் பட்டியல் ஒன்பதாம் தரத்தில் மூன்று பாடம் தவறிய பிள்ளையைத் தொடவில்லை என்றால், நோக்கம் அறிக்கையோடு நின்றுவிட்டது.

அப்படியொரு திட்டம் ஒரே பக்கத்தில் அடங்கும். எட்டாம் தரத்திலிருந்து வரும் பிள்ளைகளில் யாருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் படித்த ஆரம்பப் பாடசாலைகளிடம் கேட்டுச் செப்டெம்பருக்கு முன்னரே பெயர்ப் பட்டியல் தயாராகும். ஒக்டோபரில் வரவும், ஒப்படைக்காத வேலைகளும் பார்க்கப்படும். நவம்பரின் இடைக்கால அறிக்கை வருமுன்பே வீட்டுக்கு அழைப்புப் போகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒன்பதாம் தர ஆசிரியர்கள், மாணவர் வெற்றி ஆசிரியர், ஆலோசகர், ஆன்மிகப் பணியாளர் ஆகியோர் கூடி அதே பட்டியலைப் பார்ப்பார்கள். சான்றிதழுக்குத் தேவையான 40 மணி நேரச் சமூக சேவையை, கல்விச் சபையின் விதி அனுமதிக்கும் இடத்தில், மூத்த மாணவர் இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து நிறைவு செய்யலாம். சனவரியில் முதல் பருவம் முடியும்போது நான்கு கிரெடிட்டையும் பெற்றவர் எத்தனை பேர் என்ற எண் கிடைத்துவிடும். திருத்திக்கொள்ள இன்னும் ஒரு பருவம் கையில் இருக்கும்.

எதிர்வாதங்கள்

கிரெடிட்டை இலக்காக்கினால் கிரெடிட் மலிந்துவிடும் என்பதே வலுவான எதிர்வாதம். எண்ணுக்குப் பரிசும் கண்டனமும் கட்டினால் எண் வளையும்; மீட்பு வகுப்பில் நாலு தாள் நிரப்பிச் சித்தி வாங்கும் ஆபத்து உண்மையானது. ஆனால் இங்கே மாகாணப் பரீட்சை காவலுக்கு நிற்கிறது. கிரெடிட் விகிதம் ஏறி, ஒன்பதாம் தரக் கணிதப் பெறுபேறும் பத்தாம் தர எழுத்தறிவுப் பெறுபேறும் அசையாமல் நின்றால், பாடசாலை தன்னையே ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும். பிந்தி வரும் எண்களுக்கு உரிய வேலை இந்தச் சரிபார்ப்புத்தான். சிக்காகோவில் முதலில் முன்னேறிய பாடசாலைகளில் சான்றிதழ் பெறுவோர் விகிதமும் பின்னர் உயர்ந்தது. வெறும் புள்ளித் தானமாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் அடுத்த தரங்களில் விழுந்திருப்பார்கள்.

விசுவாசத்தை அளக்க முடியாது, அளக்க முயல்வதே தவறு என்பது அடுத்த வாதம். ஒரு பிள்ளையின் செபத்துக்கு எவரும் புள்ளி போடக்கூடாது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஒன்ராறியோ கத்தோலிக்கப் பாடசாலைகள் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகள் ஏழு. பகுத்தறியும் விசுவாசி, ஒத்துழைக்கும் பங்களிப்பாளர், பொறுப்புள்ள குடிமகன் என்பன அவற்றில் சில. இவை பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் முதிர்பவை. யூன் மாதத்தில் அறுவடைக்கு வருபவை அல்ல. அளக்கக்கூடியது பாடசாலையின் நடத்தை. பின்தங்கிய பிள்ளையை அது தேடிப் போனதா என்று கேட்கலாம். இடைநிறுத்தப்படுவோரில் எந்தப் பிள்ளைகள் அதிகம் என்று பார்க்கலாம். சமயப் பாடத்திலிருந்து விலக்குப் பெற்ற மாணவரும் அதே கவனிப்பைப் பெற்றாரா என்றும் பார்க்கலாம். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் நிறைந்த பாடசாலையிலும் இந்தக் கேள்விகள் பொருந்தும். யாரும் விசுவாசம் மாற வேண்டியதில்லை.

இன்னொரு தாளா என்று ஆசிரியர்கள் சலிப்பது நியாயமே. நெவாடாவின் கிளார்க் கவுண்டிப் பாடசாலைகளை வைத்து 2011 இல் வெளிவந்த ஆய்வு, தரமான திட்டம் உள்ள பாடசாலைகளில் பெறுபேறும் உயர்ந்திருந்ததைக் காட்டியது. ஆனால் நன்றாக நடக்கும் பாடசாலை நல்ல திட்டமும் எழுதும் என்பதால், எது எதற்குக் காரணம் என்று அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. பிறைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வு, அதிபர், ஆசிரியர், பெற்றோர் இடையிலான நம்பிக்கை வலுவாக இருந்த இடங்களில் முன்னேற்றம் வேரூன்றியதைக் கண்டது. பன்னிரண்டு இலக்குகளை நிரப்பச் சொல்வது அந்த நம்பிக்கையைத் தின்னும். ஒரே இலக்கு வைத்து மற்றவற்றை வழமையான பொறுப்புகளாக விடுவது ஆசிரியரின் நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும். அப்படியானால் பன்னிரண்டாம் தரத்தாரும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் கைவிடப்படுவார்களா? அவர்களுக்கான பாடங்களும் ஆலோசனையும் திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடப்பவை. திட்டம் என்பது தானாக நடக்காத ஒன்றை நடக்க வைக்கத்தான்.

பெற்றோர் கேட்க வேண்டியது

2000 ஆம் ஆண்டின் 612 ஆம் இலக்க ஒழுங்குவிதி, ஒவ்வொரு பாடசாலையின் ஆலோசனைச் சபையிலும் பெற்றோர் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், அது ஆண்டுக்கு நான்கு தடவையாவது கூட வேண்டும் என்கிறது. மாணவர் அடைவு தொடர்பான புதிய முயற்சிகளை நடைமுறைப்படுத்தும் திட்டங்களில் அந்தச் சபையின் கருத்தைப் பெற வேண்டும் என்றும் சொல்கிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கும் இந்த உரிமை உண்டு. இலையுதிர்காலக் கூட்டத்தில் அதிபரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கடந்த ஆண்டு ஒன்பதாம் தரத்தில் எட்டு கிரெடிட்டையும் பெற்றவர் எத்தனை சதவீதம்? இந்த ஆண்டு தவறக்கூடியவர்களின் பட்டியல் யாரிடம் இருக்கிறது? நவம்பர் அறிக்கைக்கு முன் அவர்களுக்கு என்ன செய்யப்படும்? எந்தப் பிள்ளையின் பெயரும் கேட்க வேண்டாம், எண்ணும் பொறுப்பும் போதும். இந்த மூன்றுக்கும் ஒரு பக்கத்தில் பதில் தரும் பாடசாலையிடம் நல்ல திட்டம் இருக்கிறது. தர முடியாத பாடசாலை, எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும், இன்னும் திட்டமிடத் தொடங்கவில்லை.