துடைக்காத மங்கு

பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும்: மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிய பிறகும் அடியில் கொஞ்சம் ஒட்டிக் கிடக்கும். கணினியின் நினைவகமும் அப்படித்தான். ஒரு செயலி வேலை முடிந்து இடத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், அங்கிருந்த தகவல் தானாக அழியாது. வன்பொருளை இயக்கும் டிரைவரோ இயங்குதளமோ அழிக்க மறந்தால், அடுத்து வரும் செயலி அந்த மிச்சத்தைப் படித்துவிடும்.

திரையில் படம் வரையும் டிரைவர்களில் இந்தக் கோளாறு பலமுறை அகப்பட்டிருக்கிறது. 1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0, வேகத்துக்காக வரைகலைப் பகுதியை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. அன்று முதல் ஒரு சாளரம் திறந்தாலும் கெர்னலோடு தகவல் போய்வருகிறது. அங்கேதான் கசிவு. 4 பைட் எண், அடுத்து 8 பைட் முகவரி என்று ஒரு கட்டமைப்பு இருந்தால், வரிசை சீராக இருக்க நடுவில் 4 பைட் காலியாக விடப்படும். நிரலாளர் எண்ணையும் முகவரியையும் நிரப்புவார். நடுவில் உள்ளதை யாரும் தொடுவதில்லை. மொத்தமாக நகலெடுத்துச் செயலிக்கு அனுப்பும்போது, அந்த 4 பைட்டில் கிடந்த பழைய தகவலும் கூடவே போகும். கெர்னலின் ரகசிய முகவரி அதில் சிக்கினால் தாக்குபவருக்குப் பாதி வேலை முடிந்தது. கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவின் மத்தேயுஷ் யுர்ச்சிக், கணினியையே மென்பொருளில் போலியாக இயக்கி, துடைக்காத ஒவ்வொரு பைட்டும் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார். விண்டோஸில் மட்டும் 70க்கு மேற்பட்ட கசிவுகள் கிடைத்தன. எனக்கு வியப்பு எண்ணிக்கையில் இல்லை, அவர் பொறுமையில்தான்.

வரைகலைச் சில்லும் தப்பவில்லை. 2024 ஜனவரியில் டிரெய்ல் ஆஃப் பிட்ஸ் நிறுவனத்தின் டைலர் சோரன்சனும் ஹெய்டி க்லாஃபும் 'லெஃப்ட்ஓவர் லோக்கல்ஸ்' குறையை வெளியிட்டார்கள். ஆப்பிள், குவால்காம், ஏஎம்டி, இமாஜினேஷன் சில்லுகள் சிலவற்றில் ஒரு நிரல் விட்டுப்போனதை இன்னொரு நிரல் படிக்க முடிந்தது. ஓர் ஏஎம்டி அட்டையில், செயற்கை நுண்ணறிவிடம் கேட்ட ஒரே கேள்விக்கு ஏறத்தாழ 181 மெகாபைட் கசிந்தது. அது சொன்ன பதிலையே மீட்டெடுத்தார்கள்.

மருந்து எளிது: கொடுக்கும் முன் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும். ஆனால் சில்லு நிறுவனம் திருத்தியதைக் கைப்பேசி நிறுவனம் வாங்கி அனுப்பினால்தான் நம்மிடம் வரும். லாபு, ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் அண்ணனின் பழைய போன் தம்பிக்கும், பிறகு பாட்டிக்கும் போகிறது. பாட்டியின் உதவிப் பணம் வரும் வங்கிச் செயலியும் அதே போனில்தான். இதுதான் என்னை உறுத்துகிறது. 'செட்டிங்ஸ்' போய்ப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டு பழையது என்றால் வங்கிச் செயலியை வேறு போனுக்கு மாற்றுங்கள். இந்தக் கசிவைப் படிக்க ஒரு கள்ளச் செயலி முதலில் உள்ளே நுழைய வேண்டும். எனவே கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நிறுவும் ஏபிகே கோப்பைத் திறக்க வேண்டாம் என்று பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.