தெரியாது என்று சொல்லத் தெரிந்த பெட்டி

மட்டக்களப்புக் கல்லடியில் என் கடைக்கு வருகிற பெட்டிகளில் பாதி உப்புத்தண்ணி குடித்தவை. மீன் தேடும் கருவி, வோக்கி டோக்கி, ஜிபிஎஸ். மாரி முடிந்த கையோடு பாலமீன்மடுவிலிருந்து ஒரு சம்மாட்டியார் தன்னுடைய ஜிபிஎஸ்ஸைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"மனே, இது பழுதாப் போயிட்டு. ஹெர்மிஸ் கப்பலடிக்குப் போகச் சொன்னா வெறும் மணலுக்கு மேல கொண்டுபோய் விடுது."

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டுத் தாழ்த்திய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. எங்கள் கரைக்கு அப்பால், ஐம்பது மீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. இரும்பு கிடக்கும் இடத்தில் மீன் நிற்கும். அதன் நீளம் 180 மீற்றர் சொச்சம். கடலில் அது ஒரு ஊசி.

பெட்டியைத் திறக்கத் தேவைப்படவில்லை. அமைப்புப் பக்கத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பேரன் இன்னொரு படகுக்காரரின் கடதாசியைப் பார்த்து இலக்கங்களைப் பதிந்திருக்கிறான். பதிய முதல், வரைபட அடிப்படை என்ற பட்டியலில் 'கண்டவளை' என்பதைத் தெரிவுசெய்திருக்கிறான். "பக்கத்துல ஸ்ரீலங்கா எண்டு போட்டிருந்திச்சு, சரியெண்டு அமத்திட்டன்" என்றான் போனில். கண்டவளை என்பது இலங்கையின் பழைய நில அளவை வரைபடங்கள் நிற்கும் அடிப்படை. செய்மதிகள் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொன்று. இரண்டுக்கும் இடையே நம்முடைய பக்கத்தில் கிழக்கு மேற்காக இருநூறு மீற்றருக்கு மேல் வித்தியாசம் வரும். கப்பலின் நீளத்தைவிடக் கூட.

இதில் எனக்குப் பிடித்த விசயம், அந்தத் திரையின் மூலையில் இருந்த எழுத்து: துல்லியம் 4 மீற்றர்.

பெட்டி இருநூறு மீற்றர் தள்ளிக் கொண்டுபோய் விடுகிறது, நாலு மீற்றர் என்று தலைநிமிர்ந்து சொல்கிறது. தான் பிழைவிடுவது அதற்குத் தெரியவே தெரியாது. சம்மாட்டியாருக்கு இதனால் போனது ஒரு நாள் டீசல். இதே பெட்டி வானத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதோடுதான் நான் பத்தொன்பது வருசம் மல்லுக்கட்டினேன்.

அப்போது கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு சின்ன விமானத் திடலில் வானொலியும் மின்னணுக் கருவிகளும் திருத்துகிற வேலை எனக்கு. அங்கே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், பல் வைத்தியர். ஏழு வருசமாக ஒரு விமானத்தைத் தன் கையால் கட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் ஓரிகனில் இருக்கும் வான்ஸ் கொம்பனி பெட்டிகளில் அனுப்பும் அலுமினியத் தகடுகளை வாங்கி, ஆணி ஆணியாக அறைந்து பூட்டுவது. ஆர்வி-9ஏ என்று பெயர், இரண்டு பேர் இருக்கலாம். இப்படிப் பாதிக்கு மேல் வேலையைச் சொந்தக்காரரே செய்த விமானத்தை அமெரிக்காவில் 'எக்ஸ்பெரிமென்ரல்', பரிசோதனை வகை என்று பதிவார்கள். கனடாவில் 'அமெச்சூர் பில்ட்'. பேர் எதுவானாலும் வானம் ஒன்றுதான், பக்கத்தில் முந்நூறு பேரோடு ஜெற் போகும்.

டொக்டருக்கு ஓர் ஆசை. ஒவ்வொரு ஜூலையும் அமெரிக்காவின் ஒஷ்கொஷ் நகரில் நடக்கும் விமானத் திருவிழாவுக்குத் தன் விமானத்திலேயே போய் இறங்க வேண்டும். 2020 ஜனவரி முதல் அங்கே முக்கிய வான்பரப்புகளுக்குள் நுழைய ஏடிஎஸ்-பி கட்டாயம். ராடார் கீழிருந்து தேடுகிற காலம் போய், விமானமே ஒவ்வொரு விநாடியும் "நான் இன்னார், இந்த இடம், இந்த உயரம், இந்த வேகம்" என்று கூவிக்கொண்டு போகிற முறை. கட்டுப்பாட்டு அறையும் கேட்கும், பக்கத்து விமானமும் கேட்கும். கேட்டு, அதை நம்பி, விலகிப் போகும்.

நம்பி என்பதுதான் சங்கதி. வள்ளத்து ஜிபிஎஸ்ஸின் பிழையை வள்ளக்காரர் தன் கண்ணால் திருத்துவார், வெளிச்சவீட்டையும் ஒரு தென்னந்தோப்பையும் ஒரு கோட்டில் பிடித்துப் பார்ப்பார். என் விமானத்தின் பிழையை நம்பி வழிவிடுகிறவருக்கு என் வெளிச்சவீடு தெரியாது.

ஆகவே அமெரிக்க விதி கூவலோடு சேர்த்துச் சில இலக்கங்களையும் அனுப்பச் சொல்கிறது. முதலாவது, துல்லியம்: இடம் 93 மீற்றருக்குள் இருக்க வேண்டும். இது பெரிய விசயமே இல்லை, உங்கள் போனும் செய்யும். இரண்டாவது, ஒரு வட்டம்: "நான் கட்டாயம் இதற்குள்தான் நிற்கிறேன்" என்று சத்தியம் பண்ணுகிற வட்டம், 370 மீற்றர் ஆரைக்குள். மூன்றாவது, அந்தச் சத்தியத்தின் பெறுமதி. பூச்சியம் முதல் 3 வரை. 3 என்றால், எச்சரிக்கை தராமல் அந்த வட்டத்துக்கு வெளியே போகிற வாய்ப்பு கோடியில் ஒன்று. பூச்சியம் என்றால் 'தெரியாது'. விதி கேட்பது 3.

தெரியாது என்று சொல்கிற பெட்டி மரியாதையான பெட்டி. அதை நம்பி இரண்டு விமானங்களைப் பிரித்து வைக்க ஏலாது, அவ்வளவுதான்.

ஒரு ரிசீவர் எப்படித் தன்னைத்தானே சந்தேகிக்கும்? நாலு செய்மதி தெரிந்தால் இடம் வரும். ஐந்தாவது ஒன்று தெரிந்தால், நாலு நாலாக எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், விடைகள் ஒத்துவராவிட்டால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தெரியும். ஆறாவது இருந்தால் யார் அந்தப் பொய்யர் என்றும் பிடித்து வெளியே விடலாம். ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சி கேட்கிற மாதிரித்தான். இதற்கு மேல் இன்னொரு காவல்: தரையில் தங்கள் இடம் அங்குலம் பிசகாமல் தெரிந்த நிலையங்கள் செய்மதிகளைக் கேட்டு, பிழை எவ்வளவு என்று கணக்கெடுத்து, பூமியோடு கூடவே சுற்றுகிற வேறு செய்மதி வழியாகத் திருத்தம் அனுப்பும். கெட்டுப்போன செய்மதி இருந்தால் சில விநாடிக்குள் "அதைத் தொடாதே" என்று சொல்லும். அமெரிக்காவில் இது 2003 முதல் இயங்கும் வாஸ். இந்தியாவில் ககன்.

மலிவுப் பெட்டியும் இதே செய்மதிகளைத்தான் கேட்கிறது, பல நேரம் அதே இடத்தைத்தான் காட்டுகிறது. இந்தச் சாட்சி விசாரணையின் முடிவை அது வெளியே சொல்வதில்லை. எங்கள் டொக்டர் முதலில் பூட்டியதும் அப்படியொன்றுதான். திரையில் வரைபடம் காட்டுவதற்காக வாங்கிய ஒரு சின்ன ஜிபிஎஸ் வட்டை, வயர் இழுத்து, கூவுகிற பெட்டியான ட்ரான்ஸ்பொண்டருக்கும் கொடுத்துவிட்டார். கொட்டகைக்குள் என் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தேன். இடம் அச்சொட்டாக இருந்தது. சத்தியத்தின் பெறுமதி பூச்சியம்.

"தம்பி, இடம் சரியாத்தானே காட்டுது? பிறகென்ன?" என்றார்.

"டொக்டர், நீங்க படிச்சிருக்கலாம். சான்றிதழ் இல்லாம நான் வாயைத் திறப்பனா?" என்றேன். சிரித்தார், காசு கொடுக்க மனம் வரவில்லை.

பரிசோதனை விமானக்காரருக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. தொழிற்சாலை விமானத்துக்குப் பூட்டும் கருவி அங்கீகார முத்திரையோடு வரவேண்டும். கையால் கட்டிய விமானத்துக்கு முத்திரை வேண்டாம், அந்தத் தரத்துக்கு வேலை செய்தால் போதும். டிஎஸ்ஓ சி145, சி146 என்ற இரண்டும் அந்தத் தரங்களில் அடக்கம். இந்தச் சலுகையை நம்பி கார்மின் ஜிபிஎஸ் 20ஏ, டைனன் எஸ்வி-ஜிபிஎஸ்-2020 போன்றவை சில நூறு டொலருக்கு வந்தன. முத்திரை இல்லை, ஆனால் வட்டத்தையும் சத்தியத்தையும் உண்மையாகவே கணக்கிடுபவை. சிலர் சலுகையைப் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். ஒரு சிறு உற்பத்தியாளர் பெட்டிக்குள் இருந்த ஜிபிஎஸ்ஸை மாற்றாமல், மென்பொருளை மாத்திரம் மாற்றி 3 என்று சொல்ல வைத்தார். 2017 இல் அமெரிக்க விமான நிர்வாகம் அந்தப் பெட்டிகளைக் கழற்ற அல்லது செயலிழக்க வைக்க அல்லது திருத்த உத்தரவிட்டது. பெட்டி என்ன அறிந்ததோ அதைத்தான் சொல்ல வேண்டும். கள்ளச் சான்றிதழ் வானத்தில் எடுபடாது.

டொக்டர் கடைசியில் சரியானதை வாங்கினார். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

அன்ரனாவை எங்கே வைப்பது? விமானத்தின் முதுகில், வானம் முழுதும் தெரிகிற இடத்தில் வை என்று கையேடு சொல்கிறது. ஏழு வருசம் மினுக்கிய முதுகில் ஓட்டை போட டொக்டருக்கு மனமில்லை. கண்ணாடியிழையால் செய்த மூக்கு மூடிக்குக் கீழே, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒளித்துவைத்தார். அலை அதற்குள்ளால் போகும்தான், நானும் தலையாட்டினேன். அது என் பிழை. பறப்புத் திட்டம் பதிந்து, நயாகராவைத் தாண்டிப் பஃபலோ வான்பரப்பில் ஒரு சுற்று அடித்துவிட்டு வந்தோம். அங்கே பறந்த விமானத்துக்கு அமெரிக்க நிர்வாகம் இலவசமாக ஓர் அறிக்கை தரும், கேட்டால் போதும். வந்த அறிக்கையில் சிவப்புக் கட்டங்கள். விமானம் கிறுகிய ஒவ்வொரு இடத்திலும் வட்டம் 370 மீற்றரைத் தாண்டியிருந்தது. சரிந்தபோது இயந்திரம் அரைவாசி வானத்தை மறைத்திருக்கிறது. சாட்சிகள் போதவில்லை, பெட்டி நேர்மையாக வட்டத்தைப் பெருப்பித்துச் சொல்லியிருக்கிறது.

ஓட்டை போட்டோம். கண்ணாடி மூடிக்குப் பின்னால், நடு முதுகில். டொக்டர் வெளியே போய் நின்றார், பல் பிடுங்கும்போது தாய்மார் போய் நிற்கிற மாதிரி.

இன்னொரு சோதனையைப் பல பேர் செய்வதில்லை. ஜிபிஎஸ் கேட்கும் அலைவரிசை 1575.42 மெகாஹேர்ட்ஸ். விமானி பேசும் வானொலியில் 121.175 ஐ அமத்தினால் அதன் பதின்மூன்றாவது மடங்கு இதற்கு மிகக் கிட்டப் போய் விழும். 131.275 இன் பன்னிரண்டாவதும் அப்படியே. இருபதாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் முணுமுணுப்பை, இரண்டு முழத்தில் இருந்து கத்தும் வானொலி அமுக்கிவிடும். ஆகவே இந்த அலைவரிசைகளில் அரை நிமிடம் அமத்திப் பிடித்துக்கொண்டு, திரையில் செய்மதிகள் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு விழவில்லை. ட்ரான்ஸ்பொண்டருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் இடையே பேசும் மொழியும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், பட்டியலில் பிழையான மொழியைத் தெரிவுசெய்தால் நல்ல ஜிபிஎஸ்ஸும் பூச்சியம் என்றே வெளியே கேட்கும். சம்மாட்டியாரின் பேரன் செய்த அதே வேலை.

இலங்கையில் கையால் விமானம் கட்டியவர் இல்லையா என்று கேட்பீர்கள். ரே விஜேவர்தன இருந்தார், 1924 இல் பிறந்து 2010 இல் மறைந்தவர். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர், மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் இருந்தவர். சின்னச் சின்ன விமானங்களைத் தானே கட்டித் தானே பறந்தார். அவர் கட்டத் தொடங்கிய காலத்தில் ஜிபிஎஸ் பேச்சே கிடையாது, கண்ணும் வரைபடமும்தான்.

நம்முடைய திமிலைதீவு ஓடுபாதை 1958 இல் போட்டது. 1983 இல் விமானப்படை எடுத்தது, 2016 ஜூலையில் மறுபடி பொதுமக்களுக்குத் திறந்தது, 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையமானது. வாவிக்கு மேலால் சின்ன விமானம் ஒன்று இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கணக்குப் போடுவேன்: இங்கே ஒரு பிள்ளை விமானம் கட்டினால் அதன் ஜிபிஎஸ் எந்தச் சாட்சியை நம்பும்? ககனின் திருத்தச் செய்தி வானத்திலிருந்து இங்கேயும் விழுகிறது, ஆனால் அதற்காக அளவெடுக்கும் 15 நிலையங்களும் இந்திய மண்ணில். நம் தலைக்கு மேலே வேறொரு சிக்கலும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தால்தான் போகிறது. அதற்காகத்தான் இந்தியா 1963 இல் கேரளத்துத் தும்பாவில் தன் முதல் ரொக்கெற் தளத்தை வைத்தது. பொழுது பட்ட பிறகு இந்தக் கோட்டை அண்டிய மேல்வானத்தின் மின்னூட்டப் படையில் குமிழிகள் எழும், அவற்றினூடாக வரும் செய்மதி அலை நடுங்கும். ஒன்ராறியோவில் எனக்கு இந்தத் தலையிடி இவ்வளவு இருந்ததில்லை. மட்டக்களப்பில் கட்டுகிற விமானத்துக்குத் தன்னைச் சந்தேகிக்கத் தெரிந்த பெட்டி இன்னும் கூடத் தேவை.

டொக்டரின் இரண்டாவது அறிக்கையில் சிவப்பு இல்லை. அடுத்த ஜூலையில் ஒஷ்கொஷ் புல்வெளியில் விமானத்துக்குக் கீழே படுத்திருக்கிற படம் அனுப்பினார்.

சம்மாட்டியாருக்கு அடிப்படையை மாற்றி, கப்பலின் புள்ளியை அழித்துத் திரும்பப் பதிந்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை, பாரைக்குட்டி இரண்டு வந்தது. ஜிபிஎஸ் வைத்துக் கடற்றொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அமைப்புப் பக்கத்தில் வரைபட அடிப்படை டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா பாருங்கள். திரை மூலையில் எழுதியிருக்கும் மீற்றர் பெட்டியின் ஊகம், உத்தரவாதம் இல்லை. இரவில் முகத்துவாரத்தால் உள்ளே வரும்போது வெளிச்சவீட்டையும் ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள்.