நாள்தோறும் எவ்வளவு உண்பது?

உடல் பருத்துவிட்டது, எடையைக் குறைத்தல் வேண்டும் என்னும் பேச்சு நம் சங்கத்துக் குடும்பங்கள் கூடுமிடமெல்லாம் எழுகின்றது. ஊரை விட்டு வந்து வடபுலத்து நகரங்களில் வாழும் நம்முள் பலர், இரயில்வே அலுவலகத்திலும் வங்கியிலும் பிறவிடங்களிலும் நாற்காலியில் அமர்ந்து ஊதியம் ஈட்டுபவர். காலையில் இட்டலி, மாலையில் தேநீருடன் சமோசா, இரவில் சப்பாத்தி, அதன் பின்னும் ஒரு பிடி மோர்ச்சோறு என்று இரு நாட்டு உணவையும் ஒரே வயிற்றுக்கு இடுகின்றோம். பின்னர் மருத்துவர் எச்சரித்தவுடன், நாளொன்றுக்கு 800 கலோரி போதும் என்று கடுவிரதம் பூணுகின்றோம். அவ்விரதம் நெடுநாள் நிற்பதில்லை. குறைந்த எடை மீண்டும் வந்து சேர்கின்றது. எவ்வளவு உண்டால் விரைவில் மெலியலாம் என்று கேட்பதினும், எவ்வளவு உண்டு மூன்று ஆண்டுகள் மனங்கோணாமல் வாழலாம் என்று கேட்பதே நமக்கு நன்மை தரும்.

கலோரி என்பது வெப்பத்தை அளக்கும் ஓர் அளவு. ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்தும் ஆற்றலையே உணவுக் கணக்கில் ஒரு கலோரி என்கின்றோம். மாவுப்பொருளும் புரதமும் கிராம் ஒன்றுக்கு நான்கு கலோரியும், கொழுப்பு ஒன்பது கலோரியும் தருவன. எண்ணெயும் நெய்யும் சிறிதளவே சேரினும் கணக்கைப் பெரிதாக்குவது இதனாற்றான்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகளின்படி, அமர்ந்து தொழில் செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆடவர்க்கு நாளொன்றுக்கு 2,110 கலோரியும், அத்தகைய வாழ்க்கையுடைய 55 கிலோ எடையுள்ள பெண்டிர்க்கு 1,660 கலோரியும் வேண்டும். கடுமையாக உடலுழைக்கும் ஆடவர்க்கோ 3,470 கலோரி வேண்டும். ஆதலின், வயலில் உழைத்த நம் பாட்டனார் உண்ட அளவை நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாமும் உண்பது பொருந்தாது என்பது வெளிப்படை.

தமக்குரிய அளவை ஒருவர் தாமே கணக்கிட்டறிய, 1990-ஆம் ஆண்டில் மிஃப்லின், செயின்ட் ஜியோர் முதலிய ஆராய்ச்சியாளர் ஒரு வாய்பாடு வகுத்தனர். எடையைக் கிலோவில் கண்டு பத்தால் பெருக்குக. உயரத்தைச் சென்டிமீட்டரில் கண்டு 6.25-ஆல் பெருக்கி அதனுடன் கூட்டுக; வயதை ஐந்தால் பெருக்கி அதனின்று கழிக்க; ஆடவராயின் ஐந்தைக் கூட்டுக, பெண்டிராயின் 161-ஐக் கழிக்க. வருவது அசையாது கிடக்கும் உடலுக்கு வேண்டும் கலோரி. அமர்ந்து தொழில் செய்வோர் அதனை 1.2-ஆல் பெருக்குதல் வேண்டும். சான்றாக, 38 வயதும் 165 சென்டிமீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உடைய எழுத்தர் ஒருவர்க்கு இது ஏறக்குறைய 1,975 கலோரியாகும். இவ்வளவே உண்டால் அவர் எடை ஏறாது, குறையாது.

இனி, இதனின்று எவ்வளவு கழிப்பது? அதிகம் கழித்தால் விளைவது யாதென்பதை அமெரிக்க நாட்டு மின்னசோட்டாவில் 1944–45-ஆம் ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் என்பார் நடத்திய சோதனை காட்டும். உடல்நலம் மிக்க இளைஞர் 36 பேர், முன்பு உண்டதில் ஏறக்குறையப் பாதியை, அதாவது 1,570 கலோரி அளவிற்கு, ஆறு திங்கள் உண்டனர். எடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆயின் அவர்கள் சிந்தை முழுவதும் உணவைப் பற்றியே நின்றது. சோர்வும் சினமும் மிகுந்தன. உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. கட்டுப்பாடு நீங்கியதும் அவர்கள் அளவின்றி உண்டனர். அமர்ந்து வாழும் பெண்மணி ஒருவர்க்கு அதே 1,570 கலோரி பட்டினியாகாது. நன்கு உழைத்து நடந்த அவ்விளைஞர்க்கோ அது பட்டினியாயிற்று. பிறர் உண்ணும் எண்ணை நாம் கடன் வாங்குதல் தகாது என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்று.

சிறிதளவு கழித்தால் பயன் உண்டோ என்று ஐயுறுவோர்க்கு 2011-ஆம் ஆண்டில் கெவின் ஹால் முதலியோர் வெளியிட்ட கணக்கு விடையாகும். எடை மிகுந்தவர் நாள்தோறும் 24 கலோரியை நிலையாகக் குறைத்தால், இறுதியில் ஏறக்குறைய ஒரு கிலோ குறையும். அதிற் பாதி முதல் ஆண்டிலும், பெரும்பகுதி மூன்று ஆண்டுகளிலும் குறையும். எனவே 240 கலோரி குறைத்தால் முதல் ஆண்டில் ஐந்து கிலோவும், மூன்று ஆண்டுகளில் பத்துக் கிலோ அளவும் குறைய இடமுண்டு. நாம் கூறிய எழுத்தர் நாளொன்றுக்கு 1,735 கலோரி உண்டால் போதும்.

அந்த 240 கலோரி எங்கே கிடக்கின்றது? நாளொன்றுக்கு மூன்று முறை காப்பியோ தேநீரோ அருந்தி, ஒவ்வொன்றிலும் இரு கரண்டி சர்க்கரை இடுபவர், அதனை விட்டால் 120 கலோரி கழியும். சமையலில் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் குறைந்தால் மற்றுமொரு 120 கழியும். நால்வர் உள்ள வீட்டில் இதனால் திங்களொன்றுக்கு 1.8 லிட்டர் எண்ணெய் மிச்சமாகும். மளிகைக் கணக்கே இதற்குச் சாட்சி கூறும். சோற்றையும் விட்டோமில்லை, சப்பாத்தியையும் விட்டோமில்லை. பருப்பு, தயிர், முட்டை போன்ற புரத உணவுகளை மட்டும் ஒருபோதும் குறைத்தல் ஆகாது. குறைப்பின் கொழுப்புடன் தசையும் கரையும்.

ஐந்து கிலோ குறைவதனால் என்ன பெருநன்மை என்று எண்ணற்க. நீரிழிவு வரும் நிலையிலிருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2002-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பதையும் வாரத்திற்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவரிடையே அந்நோய் வருதல் 58 விழுக்காடு குறைந்தது. 80 கிலோ உடையவர்க்கு அவ்வேழு பங்கு ஆறு கிலோவிற்கும் குறைவே.

கணக்கை நாள்தோறும் சரிசெய்ய முயன்று வருந்த வேண்டா. வாரத்திற்கு ஒருமுறை சரிபார்த்தல் போதும். பொங்கல் விழாவிலோ திருமணத்திலோ 600 கலோரி மிகுந்தால், மற்ற ஆறு நாள்களில் நூறு நூறாகக் கழித்துவிடலாம். எடையைக் காலையில் ஒரே வேளையில் நிறுத்து எழுதி, நான்கு வாரத்தின் போக்கைக் காண்க. ஒரு நாள் ஏறுவதும் மறுநாள் இறங்குவதும் பெரும்பாலும் நீரே. நான்கு வாரத்தில் சிறிதும் குறையாவிடின், வாய்பாட்டைப் பழிக்குமுன் குறிப்பேட்டைப் புரட்டுக. 1992-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்து உண்டும் மெலியவில்லை என்று கூறியவர், தாம் உண்டதைச் சராசரி 47 விழுக்காடு குறைத்தே எழுதியிருந்தமை தெரியவந்தது. நின்றவாறே வாயிலிட்ட முறுக்கும், குழந்தையின் தட்டில் மிஞ்சியதும் ஏட்டில் ஏறுவதில்லை.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ கொள்பவர் மருத்துவரைக் கேளாது உணவைக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரலாம். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் வளரும் பிள்ளைகளும் இக்கணக்கிற்கு உட்பட்டவர் அல்லர். பெண்டிர் 1,200 கலோரிக்கும் ஆடவர் 1,500 கலோரிக்கும் கீழே மருத்துவர் மேற்பார்வையின்றி இறங்குதல் கூடாது.

இறுதியாக, நம் இல்லத்தரசியர்க்கு ஒரு சொல். வீட்டில் ஒருவர் மெலிய விரும்பினால் அவர்க்கெனத் தனிச் சமையல் தொடங்க வேண்டா. அப்பாரத்தை நெடுநாள் சுமக்க எவராலும் இயலாது. அனைவர்க்கும் உரிய குழம்பிலேயே எண்ணெயைச் சிறிது குறையுங்கள். எல்லோர்க்கும் இட்டபின் எஞ்சியதை உண்டோ, காலை உணவை விடுத்தோ உங்கள் உடலை வாட்டாதீர்கள். உங்கள் பெயர்க்கும் அந்த வாய்பாட்டைப் போட்டு, உங்களுக்கு உரிய அளவை நீங்களும் குறைவின்றி உண்ணுங்கள்.