ரவுண்டில் மாட்டாதே ராஜா!

டப்ளினுக்குத் தனியாகப் போகிறீர்களா? சாயங்காலம் ரூமில் உட்கார்ந்து டி.வி. பார்க்காதீர்கள். 'லிட்டரரி பப் க்ரால்' இருக்கிறது. 1988-ல் ஆரம்பித்த சமாசாரம். ட்யூக் தெருவில் 'தி ட்யூக்' பப்பில் கூட வேண்டும். வழிகாட்டிகள் நடிகர்கள். பெக்கெட், ஆஸ்கார் வைல்டு என்று நடித்துக் காட்டியபடி பப் பப்பாக அழைத்துப் போவார்கள். நடுவில் க்விஸ் வேறு!

அதே தெருவில்தான் 'டேவி பர்ன்ஸ்'. 1922-ல் வந்த ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலில் ப்ளூம் சீஸ் சாண்ட்விச்சும் ஒயினும் சாப்பிடுவது இங்கேதான். ஒரே ஒரு கிளாஸ் ஒயின். கவனிக்க!

ஏனென்றால், ஆபத்து 'ரவுண்டு' ரூபத்தில் வரும். அயர்லாந்தில் ஒருத்தர் எல்லோருக்கும் வாங்குவார். அப்புறம் அடுத்தவர் முறை. நம்மூர் மொய் மாதிரி, வாங்கினால் திருப்பிச் செய்தே ஆகவேண்டும். ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஐந்து பைண்ட். ஒரு பைண்ட் 568 மில்லி. பெருக்கிப் பாருங்கள்... 2.84 லிட்டர்! பர்ஸும் காலி, ஆளும் காலி.

என்னையும் நாலு பேர் அன்போடு கூப்பிட்டார்கள். "தேங்க்ஸ், என்னோடதை நானே வாங்கிக்கறேன்" என்றேன். ஒருத்தரும் கோவிச்சுக்கலை. கடைசி பப்பில் க்விஸ். 'ட்ரினிட்டி கல்லூரியில் படித்தது ஜாய்ஸா, பெக்கெட்டா?' நால்வர் அணி திருதிருவென விழித்தது. "பெக்கெட்" என்றது ஓர் ஆரஞ்சு ஜூஸ்!

ஆகவே பிரதர், வேண்டாம் என்பதை முதல் ரவுண்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவதில் சொன்னால் கடன்காரன். நாலாவதில் சொல்ல... நாக்கு புரளாது!